ஏரோபேட்டிக்ஸுக்கு எந்த ஆர்.சி. விமானம், அதன் சி.ஜி. எங்கே?

ஆர்.சி., அதாவது ரேடியோவால் இயக்கும் மாடல் விமானம் ஓட்டும் ஒருவரின் கேள்வி இது: "ஒரு வருடமாக ஹை-விங் ட்ரெய்னர் ஓட்டுகிறேன். டேக்-ஆஃப், லேண்டிங் எல்லாம் தனியாகவே வருகிறது. இனி லூப், ரோல், தலைகீழ்ப் பறத்தல் பழக ஆசை. எந்த மாதிரி விமானம் வாங்கலாம்? பார்த்து வைத்திருக்கும் 1.2 மீட்டர் கிட்டின் கையேட்டில் சி.ஜி. (எடை மையம்) 90 முதல் 115 மி.மீ. வரை என்று போட்டிருக்கிறார்கள். இறக்கை வேரில் (உடலோடு சேரும் இடத்தில்) 300 மி.மீ. அகலம், நுனியில் 180. முன்விளிம்பு நுனியில் 60 மி.மீ. பின்னால் போகிறது. இவ்வளவு பெரிய இடைவெளி கொடுத்தால் எங்கேதான் பேலன்ஸ் செய்வது?"

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சி.ஜி. என்ன வேலை செய்கிறது என்பது பிடிபட்டால், எந்த விமானம் வாங்குவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நேரடிப் பதில்: முதல் பறப்புக்கு, இறக்கை வேரின் முன்விளிம்பிலிருந்து 95 மி.மீ.யில் வையுங்கள். அதற்குப் பிறகு கையேட்டைப் பார்க்க வேண்டாம், விமானம் ஆகாயத்தில் என்ன செய்கிறது என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துங்கள். பெரும்பாலும் 100-க்கும் 110-க்கும் நடுவில் உங்களுக்குப் பிடித்த இடம் அமைந்துவிடும்.

கையேட்டில் உள்ள எண்கள் சும்மா போட்டவை இல்லை. உங்கள் இறக்கை நுனியை நோக்கிக் குறுகுகிறது, அதோடு சற்றுப் பின்னாலும் சாய்கிறது. ஆகவே வேரில் அளந்த தூரத்தை மட்டும் வைத்து இத்தனை சதவீதம் என்று சொல்ல முடியாது. முழு இறக்கைக்கும் பிரதிநிதியாக ஒரே ஒரு அகலம் வேண்டும். அதுதான் சராசரி நாண், களத்தில் 'மேக்' என்பார்கள். கணக்கு எளிது. வேர் அகலத்தையும் நுனி அகலத்தையும் கூட்டினால் 480. இரண்டையும் பெருக்கி 480-ஆல் வகுத்தால் 112.5. 480-இல் இதைக் கழித்தால் 367.5, அதில் மூன்றில் இரண்டு பங்கு 245 மி.மீ. இந்த 245 மி.மீ. நாண், அரை இறக்கையின் 600 மி.மீ. நீளத்தில், வேரிலிருந்து 275 மி.மீ. தள்ளி விழுகிறது. அந்த இடத்தில் முன்விளிம்பு வேரைவிட 27.5 மி.மீ. பின்னால் இருக்கும்.

இனி சதவீதம் போடலாம். மேக்கில் 25 சதவீதம் என்றால் வேரின் முன்விளிம்பிலிருந்து சுமார் 89 மி.மீ., 30 சதவீதம் என்றால் 101, 35 சதவீதம் என்றால் 113. கையேட்டுக்காரர் 90 என்று சொன்னது ட்ரெய்னரிலிருந்து புதிதாக வருகிறவருக்கு. 115 என்று சொன்னது விமானத்தை வாலில் நிறுத்தி 3டி காட்டுகிறவருக்கு. உங்கள் வேலை இரண்டுக்கும் நடுவில்.

சி.ஜி. ஏன் இவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நடுநிலைப் புள்ளி உண்டு. சி.ஜி. சரியாக அதன் மேலேயே விழுந்தால், விமானம் மூக்கை ஏற்றவும் இறக்கவும் தானாக எதுவும் செய்யாது, விட்ட இடத்தில் விட்டபடி நிற்கும். சாதாரண அளவு வால் உள்ள மாடல்களில் இந்தப் புள்ளி மேக்கின் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சி.ஜி. அதற்கு முன்னால் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு தன்னிலை மீளும் குணம் விமானத்துக்கு வரும். ட்ரெய்னரில் 10 முதல் 15 சதவீத இடைவெளி வைப்பார்கள். ஏரோபேட்டிக் விமானத்தில் 5 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவருவோம்.

மூக்குக் கனமான விமானத்தில், எடை முன்னால் இருந்து மூக்கைக் கீழே இழுக்கிறது. அதை ஈடுகட்ட வால் எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எலிவேட்டரில் (வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் பரப்பு) மேல் ட்ரிம், அதாவது நிரந்தரமான சிறு ஏற்றம், போட்டு அதைச் சமாளிக்கிறோம். ஆனால் வாலின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு மாறும், எடை மாறாது. அதனால் வேகம் கூடினால் மூக்கு எழும், வேகம் குறைந்தால் மூக்கு தாழும். ட்ரெய்னரில் இது வரம்: டைவ் அடித்தால் தானே மீண்டுவிடுகிறது. ஏரோபேட்டிக்ஸில் இதே குணம் கழுத்தைப் பிடிக்கும். ஒரு லூப்பில் அடியில் ஒரு வேகம், உச்சியில் பாதி வேகம். ட்ரிம் ஒன்றுதான். வட்டம் நீள்வட்டமாகிவிடும். தலைகீழாகத் திருப்பினால், நீங்கள் போட்ட அந்த மேல் ட்ரிம் இப்போது தரையை நோக்கி இழுக்கும், மூக்கின் கனமும் சேர்ந்து இழுக்கும். இரண்டையும் சமாளிக்க ஸ்டிக்கை நிறையத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும். செங்குத்தாக இறங்கும்போது வேகம் ஏற ஏற, நேர்கோட்டில் இறங்காமல் தானாக மூக்கைத் தூக்கி வெளியே வந்துவிடும்.

வால் கனமாகப் போனால் வேறு தொல்லை. ஸ்டிக்கைத் தொட்டாலே மூக்கு எகிறும், விட்டாலும் அடங்காது. வேகம் குறைந்த நேரத்தில் மூக்கு தானே எழும், லேண்டிங்கில் இது ஆபத்து. ஸ்பின்னில் போனால் வெளியே வர மறுக்கும். இதை, ஸ்டிக்கின் நடுப்பகுதியை மிருதுவாக்கும் எக்ஸ்போ என்ற ரேடியோ அமைப்பை ஏற்றி மறைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்போ கையின் நடுக்கத்தைத்தான் மறைக்கும், விமானத்தின் குணத்தை மாற்றாது. எலிவேட்டர் கூச்சமாக இருக்கிறது என்று தோன்றினால் முதலில் சி.ஜி.யைப் பாருங்கள்.

ஆக, நாம் தேடுவது நேராகப் பறந்தாலும் தலைகீழாகப் பறந்தாலும், மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும், ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும் விமானம். பேலன்ஸ் செய்வதும் அதற்காக, தேர்ந்தெடுப்பதும் அதற்காக.

மேசையில் அளக்கும் முறை. இறக்கையின் அடியில் இருபுறமும் 95 மி.மீ.யில் மெல்லிய டேப் ஒட்டி, அதில் விரல்நுனியை வைத்துத் தூக்கலாம். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் ரப்பர் முனையுள்ள இரண்டு பென்சில்களை மரக்கட்டையில் நட்டு ஒரு ஸ்டாண்ட் செய்துகொள்ளலாம். ஹை-விங் விமானத்தை நேராக வைத்து அளக்க வேண்டும். மிட்-விங், லோ-விங் விமானத்தைத் தலைகீழாக வைத்து அளப்பதுதான் சரி. காரணம், தாங்கும் புள்ளிக்கு அடியில் எடை தொங்கினால்தான் ஊஞ்சல் போல நிலைக்கு வரும். எடை மேலே இருந்தால் எந்தப் பக்கமும் கவிழும், அளவே கிடைக்காது. பேட்டரி, கேனப்பி, புரொப்பெல்லர், ஸ்பின்னர், சக்கரம் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். எஞ்சின் விமானமாக இருந்தால் டேங்க் காலியாக இருக்க வேண்டும், ஏனென்றால் டேங்க் பெரும்பாலும் சி.ஜி.க்கு முன்னால் இருக்கிறது, எரிபொருள் தீரத் தீர சி.ஜி. பின்னால் போகும். தரையிறங்கும் நேரத்தில் இருக்கும் சி.ஜி.தான் நாம் அறிய வேண்டியது.

விமானம் சமமாகவோ மூக்கு ஒரு நூல் தாழ்ந்தோ நின்றால் போதும். நிற்கவில்லை என்றால் உடனே ஈயத்தைத் தேடாதீர்கள், முதலில் பேட்டரியை நகர்த்துங்கள். உங்கள் விமானம் 1,400 கிராம், பேட்டரி 240 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியை 30 மி.மீ. நகர்த்தினால் சி.ஜி. 5 மி.மீ. நகரும். அதே 5 மி.மீ. பின்னால் போக வால் முனையில் 10 கிராம் வைத்தால் போதும், வால் அவ்வளவு தூரத்தில் இருப்பதால். முன்னால் கொண்டுவர மூக்கில் 25 கிராம் தேவைப்படும். வாலில் சேர்க்கும் ஒவ்வொரு கிராமும் எவ்வளவு பேசும் என்பது இதிலிருந்து தெரியும். உடைந்த வாலை எப்பாக்ஸி அப்பி ஒட்டிவிட்டு, பேலன்ஸ் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது என்பதும் இதனால்தான்.

பேட்டரியை வெல்க்ரோவில் மட்டும் விட்டுவிடாதீர்கள். செங்குத்தாக ஏறும்போது பேட்டரியின் முழு எடையும் வாலை நோக்கி இழுக்கும். 10 மி.மீ. வழுக்கினாலும் ஆகாயத்தில் வேறொரு விமானம் உங்கள் கையில் இருக்கும். வெல்க்ரோவும் வேண்டும், அதற்கு மேல் ஒரு ஸ்ட்ராப்பும் வேண்டும், பின்னால் முட்டுக்கொடுக்க ஒரு ஃபோம் துண்டும் வைத்தால் இன்னும் நல்லது.

இனி ஆகாயத்தில். காற்றில்லாத அதிகாலை நேரம் இதற்கு உகந்தது. விமானத்தை நல்ல உயரத்தில் முக்கால் த்ராட்டிலில் நேராக, சமமாகப் பறக்க ட்ரிம் செய்துகொள்ளுங்கள். பிறகு உங்களுக்குப் பக்கவாட்டில், 45 டிகிரி கோணத்தில் மேலே ஏற்றுங்கள். கோடு நிலைத்ததும் அரை ரோல் போட்டுத் தலைகீழாக்கி, எலிவேட்டர் ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நொடிகள் அதையே பாருங்கள்.

கோடு உடனே வளைந்து மூக்கு தரையை நோக்கித் திரும்பினால் மூக்குக் கனம். கொஞ்ச தூரம் அதே கோட்டில் போய், பிறகு மெதுவாகத் தாழ்ந்தால், ஏரோபேட்டிக்ஸ் பழக அதுதான் இடம். கோட்டிலிருந்து விலகாமல் போய்க்கொண்டே இருந்தால் 3டிக்காரர்கள் விரும்பும் இடம். தலைகீழாக இருந்தபடியே மூக்கு இன்னும் மேலே எழுந்தால் வால் கனம், உடனே இறக்கிச் சரிசெய்யுங்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பலமுறை செய்து பார்த்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும், ஒரு முறை பார்த்ததை நம்பக் கூடாது. ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் நேர்ப் பறத்தலுக்குப் புதிதாக ட்ரிம் செய்தபின்தான் அடுத்த சோதனை. இதை விட்டுவிட்டு, பழைய ட்ரிம்மிலேயே சோதித்துக் குழம்புகிறவர்கள் அதிகம்.

டைவ் சோதனையை வைத்து சி.ஜி. பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செங்குத்தாக இறங்கும்போது இறக்கைக்கும் வாலுக்கும் உள்ள கோண வித்தியாசமும் பேசும், மோட்டார் சாய்வும் பேசும். எது சி.ஜி.யின் பேச்சு என்று பிரித்துச் சொல்வது கடினம். 45 டிகிரி சோதனையில் அந்தக் குழப்பம் குறைவு. என் பரிந்துரை அதுதான்.

முன்-பின் பேலன்ஸை எல்லாரும் பார்க்கிறார்கள். இடம்-வலம் பேலன்ஸை விட்டுவிடுகிறார்கள். ட்ரெய்னரில் இது தெரியவே தெரியாது, லூப் போட ஆரம்பித்ததும் தெரியும். புரொப்பெல்லர் தண்டில் ஒரு நூல், வாலில் ஒரு நூல் கட்டித் தொங்கவிட்டால் கனமான இறக்கை தாழும். லேசான பக்கத்தின் நுனியில் சின்ன எடை வைத்துச் சரிசெய்யலாம். சிலிண்டர் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் எஞ்சின் விமானங்களில் இது கட்டாயம் வரும்.

ஆகாயத்தில் இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி உண்டு. பெரிய லூப் ஒன்று போடுங்கள். ஸ்டிக்கை இழுக்கும்போது விமானம் இடப்பக்கம் ரோல் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து தலைகீழாகத் திருப்பி, தள்ளி, வெளி லூப் போடுங்கள். இப்போதும் விமானத்தின் கணக்கில் அதே இடப்பக்கமே ரோல் ஆனால் அய்லரான் (இறக்கையில் ரோல் செய்ய வைக்கும் பரப்பு) ட்ரிம் அல்லது இறக்கை முறுக்கு. எதிர்ப்பக்கம் ரோல் ஆனால் இடது இறக்கை கனம். இழுக்கும்போது கனமான இறக்கை வயிற்றுப் பக்கம் போகும், தள்ளும்போது அதே இறக்கை முதுகுப் பக்கம் போகும், அதனால் ரோலின் திசை மாறுகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: எலிவேட்டரின் இரண்டு பாதிகளில் ஒன்று கூடுதலாக அசைந்தாலும் இதே அறிகுறி வரும். ஆகவே இறக்கையில் எடை ஒட்டுவதற்கு முன்பு, ஸ்டிக்கை முழுக்க இழுத்தும் தள்ளியும், இரு பாதிகளும் ஒரே அளவு நகர்கின்றனவா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

சி.ஜி.யும் பக்க பேலன்ஸும் முடிந்த பிறகுதான் மோட்டார் சாய்வுக்குப் போக வேண்டும். வரிசையை மாற்றினால் செய்த வேலையே மறுபடி வரும். முழு த்ராட்டிலில் செங்குத்தாக ஏற்றுங்கள். மூக்கு இடப்பக்கம் ஒதுங்கினால் மோட்டாருக்கு வலச் சாய்வு போதவில்லை, வாஷர் வைத்து ஏற்றுங்கள். இரண்டு முதல் மூன்று டிகிரிதான் வழக்கமாகத் தேவைப்படும். புரொப்பெல்லர் விடும் சுழல்காற்று வால் தகட்டின் ஒரு பக்கம் அடிப்பதால் வரும் தொல்லை இது. போட்டி விமானங்களில் எதிரெதிர் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர் வந்ததே இதைப் போக்கத்தான். செங்குத்தாக இறங்கும்போது, த்ராட்டில் மூடிய நிலையில் மூக்கு தூக்கினால், த்ராட்டில் குறையும்போது எலிவேட்டர் கொஞ்சம் கீழே இறங்கும்படி ரேடியோவில் மிக்ஸிங் போடலாம். நைஃப்-எட்ஜில், அதாவது பக்கவாட்டில் படுத்துப் பறக்கும்போது, ரட்டர் (வாலில் மூக்கை இடம்-வலம் திருப்பும் செங்குத்துப் பரப்பு) கொடுத்தால் மூக்கு வயிற்றுப் பக்கம் அல்லது முதுகுப் பக்கம் இழுக்கும், அதையும் மிக்ஸிங்கில் தீர்க்கலாம். இவையெல்லாம் கடைசியில். சி.ஜி. சரியில்லாத விமானத்தில் மிக்ஸிங் போடுவது வீண் வேலை.

புரொப்பெல்லர் பேலன்ஸ் பற்றி இரண்டு வரி. கனமான இலையின் பின்பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம், அல்லது லேசான இலையில் செல்லோடேப் ஒட்டலாம். அதிர்வு குறைந்தால் சர்வோவும் (பரப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்) ரிசீவரும் நீண்ட நாள் வரும்.

சரி, எந்த விமானம்?

உங்கள் ட்ரெய்னரை நினைத்துப் பாருங்கள். இறக்கையின் அடிப்பகுதி தட்டை, மேற்பகுதி வளைவு. இறக்கை மேலே இருக்கிறது, இரு நுனிகளும் சற்று மேல்நோக்கி மடிந்திருக்கின்றன. எல்லாமே விமானம் தானாக நிமிர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. ஏரோபேட்டிக் விமானம் அப்படி நிமிரக் கூடாது. மேலும் கீழும் ஒரே வளைவுள்ள இறக்கை, நுனி மடிப்பு இல்லாமல் உடலின் நடுவில். இதைத்தான் தேட வேண்டும். ஜெர்மனியின் வால்டர் எக்ஸ்ட்ரா வடிவமைத்து 1988-இல் முதலில் பறந்த எக்ஸ்ட்ரா 300 இந்த அமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மாடல்கள் களமெங்கும் தென்படுவதற்குக் காரணம் அழகு மட்டும் அல்ல, அந்த வடிவமே இந்த வேலைக்காக வரைந்தது. எட்ஜ் 540, யாக் 54, சுகோய் 26 எல்லாம் இதே குடும்பம்.

ஆர்.சி. ஏரோபேட்டிக்ஸின் முதல் உலகப் போட்டி 1960-இல் சுவிட்சர்லாந்தில் நடந்தது. அமெரிக்காவின் எட் கஸ்மிர்ஸ்கி தன் ஒரையன் விமானத்தோடு வென்றார். 1967-இல் பில் கிராஃப்ட் குவிக்-ஃப்ளையோடு வென்றார். ஆஸ்திரியாவின் ஹன்னோ ப்ரெட்னர் 1977-இல் வென்றார். அந்தக் காலத்து லோ-விங் விமானங்களைப் பார்த்துவிட்டு இன்றைய எஃப்3ஏ (ஆர்.சி. ஏரோபேட்டிக்ஸ் போட்டிப் பிரிவு) விமானத்தைப் பார்த்தால், நீளமும் இறக்கையும் 2 மீட்டருக்கு மிகாத அளவில், உடல் மட்டும் உயரமாகப் பருத்திருப்பது கண்ணில் படும். நைஃப்-எட்ஜில் இறக்கை உதவாது, உடலின் பக்கவாட்டுப் பரப்புதான் தூக்குவிசை தர வேண்டும். அந்தப் பருமன் அதற்காக. உங்களுக்கு இப்போதே அந்த விமானம் தேவையில்லை, அதன் விலையும் பராமரிப்பும் வேறு ரகம். ஆனால் கடையில் ஒரு மாடலைப் பார்க்கும்போது, பக்கவாட்டுப் பரப்பு எவ்வளவு, வால் எவ்வளவு நீளம் தள்ளி இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் இப்போதே வரட்டும்.

வடிவத்துக்கு அடுத்தது எடை. என் கணக்கில் இதுதான் முதலிடம் பெற வேண்டியது. உங்கள் கிட்டின் இறக்கைப் பரப்பு 28.8 சதுர டெசிமீட்டர். விமானம் 1.2 கிலோவில் முடிந்தால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு சுமார் 42 கிராம். அதே விமானத்தைப் பெரிய பேட்டரியும் கனமான சர்வோவும் போட்டு 1.6 கிலோ ஆக்கினால் 56 கிராம். எடை மூன்றில் ஒரு பங்கு கூடினால் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தாங்காமல் விமானம் விழத் தொடங்கும் வேகம், 15 சதவீதம் கூடும். போட முடிகிற மிகச் சிறிய லூப்பின் ஆரமோ எடை கூடிய அதே விகிதத்தில், மூன்றில் ஒரு பங்கு கூடும். ஸ்டால் வேகம் லேண்டிங்கில் கேட்கும், லூப்பின் ஆரம் ஒவ்வொரு சாகசத்திலும் கேட்கும். ஆகவே இரண்டு விமானங்களில் எதை எடுப்பது என்று திணறினால், ஒரே இறக்கைப் பரப்பில் லேசானதை எடுங்கள். முழுமையாகத் தயாராகிப் பறக்கும் எடை எவ்வளவு என்று அதே மாடல் வைத்திருப்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியில் அச்சிட்ட எடையில் பேட்டரி சேர்ந்திருக்காமல் போகலாம்.

மோட்டார் சக்திக்கு, கிலோவுக்கு 330 வாட் இருந்தால் லூப், ரோல், ஸ்டால் டர்ன் எல்லாம் வரும். செங்குத்துக் கோடுகளை நீட்டிப் போட 440 வாட் வேண்டும். அதற்கு மேல் 3டிக்காரர்களுக்குத்தான். விமானம் 1.3 கிலோவில் முடிந்தால் 500 வாட்டை ஒட்டிய மோட்டார் தாராளம்.

3டி ஃபோம் விமானம் முதலில் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள், நீங்களும் அடுத்து கேட்பீர்கள். வேண்டாம் என்பேன். அதன் கட்டுப்பாட்டுப் பரப்புகள் மிகப் பெரியவை, இறக்கை அகலத்தில் 40 சதவீதம் வரை அய்லரானே இருக்கும். எடை குறைவு, சக்தி அதிகம். எங்கே மாட்டினாலும் த்ராட்டிலை ஏற்றி வெளியே வந்துவிடலாம். தப்பிக்கக் கற்றுத்தரும், நேர்கோடு போடக் கற்றுத்தராது. காற்றடித்தால் தாள் போல அலையும். ஏரோபேட்டிக்ஸின் அடித்தளம் நேர்கோடும் வட்டமும். அதைப் பழக, காற்றை வெட்டிப் போகும் கொஞ்சம் எடையும், மிதமான பரப்புகளும் உள்ள விமானம் வேண்டும். ஃபோமில் 1.2 முதல் 1.4 மீட்டர் மிட்-விங் ஒன்று, அல்லது பால்சாவில் ஸ்டிக் வகை ஒன்று. ஸ்டிக் என்பது பெட்டி போன்ற எளிய உடலும் சமச்சீர் இறக்கையும் உள்ள வகை. இந்த வகையைப் பிரபலமாக்கிய அக்லி ஸ்டிக்கை வரைந்தவரும் மேலே சொன்ன பில் கிராஃப்ட்தான். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், தலைகீழ்ப் பறத்தல் பழக அது அருமையான விமானம், உடைந்தால் வீட்டிலேயே ஒட்டவும் எளிது.

அளவில் பெரியது காற்றில் நிதானமாகப் பறக்கும், கண்ணுக்கும் தெளிவாகத் தெரியும். தலைகீழாக 100 மீட்டர் தொலைவில் போகும்போது, மேல்பக்கம் எது, அடிப்பக்கம் எது என்று தெரியாமல் விமானத்தை இழந்தவர்கள் உண்டு. இறக்கையின் அடியில் அகலமான கறுப்புப் பட்டைகள், மேலே வேறு நிறம். புது விமானத்தின் அழகு கெடுகிறதே என்று யோசிக்காமல் ஒட்டிவிடுங்கள்.

பழைய விமானம் ஒன்று கிடைத்து அதை எடுக்க நினைத்தால், கையில் எடுத்ததும் அய்லரானைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். சர்வோ அசையாமல் அய்லரான் ஓரம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் லிங்கேஜில் தளர்வு. வேகமாக இறங்கும்போது அந்தத் தளர்வில்தான் ஃபிளட்டர் பிடிக்கும், பரப்பு படபடவென்று அடித்து நொடிகளில் பிய்ந்துவிடும். ஹிஞ்ச் இடைவெளியை டேப் போட்டு மூடியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வால் பகுதியில் பழைய ஒட்டு எவ்வளவு கனம் சேர்த்திருக்கிறது என்பதை மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

முதல் பறப்புக்கு ரேடியோவில் குறைந்த த்ரோ (பரப்புகள் அசையும் அளவு) மட்டும் போதும். எலிவேட்டர் 10 முதல் 12 டிகிரி, அய்லரான் 15, ரட்டர் 25 முதல் 30. எக்ஸ்போ 25 முதல் 30 சதவீதம். ஒரு விஷயத்தில் கவனம்: ஸ்பெக்ட்ரம் ரேடியோவில் எக்ஸ்போவை பிளஸ்ஸில் போட்டால் நடுப்பகுதி மிருதுவாகும், ஃபுட்டாபாவில் மைனஸில் போட வேண்டும். ரேடியோ மாற்றுகிறவர்கள் பழைய பழக்கத்தில் எதிர்க்குறி போட்டுவிட்டால் நடுவில் தொட்டாலே விமானம் துள்ளும். திரையில் வரும் வளைகோட்டைப் பார்த்து, நடுவில் அது படுத்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

கிட்டோடு பேட்டரி வாங்கும்போது ஒரே கம்பெனியில், ஒரே மாடலில் இரண்டு மூன்றாக வாங்குங்கள். ஒரே 2200 என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி 30, 40 கிராம் வித்தியாசம் வரும். நீங்கள் காலை முழுக்க உழைத்துப் பிடித்த சி.ஜி. அடுத்த பேட்டரி மாற்றியதுமே கைவிட்டுப் போகும். வேறு பேட்டரி தவிர்க்க முடியாவிட்டால், ஒவ்வொன்றையும் தராசில் போட்டு எடையை அதன் மேலேயே மார்க்கரில் எழுதி, பேட்டரித் தட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.